கனவான்களின் கை

இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற ஹங்கேரிய மருத்துவரின் கதை கொரோனா காலத்தில் தமிழிலும் நிறையப் புழங்கியது. கை கழுவச் சொன்னதற்காகச் சக மருத்துவர்களால் ஒதுக்கப்பட்டு, மனநலக் காப்பகத்தில் செத்துப்போன மேதை என்று. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்பதற்காக அதைச் சொன்னவர்கள் உண்டு. தடுப்பூசி போடாதீர்கள் என்பதற்காக அதையே சொன்னவர்களும் உண்டு: ‘அன்றைக்கு அவரையும் பைத்தியம் என்றுதானே சொன்னார்கள்?’ ஒரே கதை இரண்டு எதிர்க்கட்சிக்கும் சாட்சி சொல்கிறது என்றால் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்துதான் ஆகவேண்டும். நிபுணர்களை நம்புவதா வேண்டாமா என்று நாம் போடும் சண்டைகளில் பாதி, இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிப் பழகியதால் வருகிறது என்பது என் எண்ணம். தமிழ் படித்தவளுக்கு மருத்துவ வரலாற்றில் என்ன வேலை என்று கேட்கலாம். இது பிரசவ வார்டில் நடந்த கதை. தவிர, ஒரு பிரதியில் யார் பேசுகிறார்கள், யாருக்கு வாய் இல்லை என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. 1840க்குப் பிறகு முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள். இன்று வலி கண்டு வருகிறவர் இந்தப் பிரிவுக்கு, நாளை வருகிறவர் அந்தப் பிரிவுக்கு என்று நாள் கணக்கு வைத்துச் சேர்த்தார்கள். 1841 முதல் 1846 வரை முதல் பிரிவில் 20,042 பிரசவங்கள். 1,989 தாய்மார் இறந்தார்கள். இரண்டாவதில் 17,791 பிரசவங்கள், இறந்தவர்கள் 691. படித்த மருத்துவர்கள் பார்த்த இடத்தில் பத்தில் ஒருத்தி செத்தாள். மருத்துவச்சிகள் பார்த்த இடத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. பெரும்பாலும் காரணம் ஒரே காய்ச்சல். நம் ஊரில் பிரசவ ஜன்னி என்பார்கள்.

1846இல் முதல் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்த செம்மல்வெய்ஸ் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடினார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள் ஜன்னியில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவைபோலவே இருந்தன. மாணவர்களும் பேராசிரியர்களும் பிணவறையில் கை நனைத்துவிட்டு நேராகப் பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. அந்த மே மாதத்தில், பிளீச்சிங் பவுடர் கலந்த நீரில் கை கழுவிய பிறகே தாயைத் தொடவேண்டும் என்று விதி வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு என்றிருந்த மரணம் ஜூனில் இரண்டுக்குப் பக்கமாக இறங்கியது. 1848இல் இரண்டு மாதங்கள் ஒரு மரணம்கூட இல்லை.

இந்தக் கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்று அறிவியல் முறையின் கதை. தத்துவவாதி கார்ல் ஹெம்பெல் 1966இல் எழுதிய அறிமுக நூலில் இதைத்தான் முதல் உதாரணமாக வைத்தார். கருதுகோள், சோதனை, நிராகரிப்பு, மறுபடி கருதுகோள் என்று ஒழுங்காகப் போகும். இன்னொன்று தனித்து நின்ற மேதையின் கதை. நாவலாசிரியர் செலின் 1924இல் தன் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேட்டையே செம்மல்வெய்ஸின் வாழ்க்கையாக எழுதினார். உலகம் முழுவதும் மூடர்கள், நடுவே ஒரே ஒரு வெளிச்சம் என்ற தொனி அதற்கு. பின்னாளில் யூத வெறுப்பைக் கக்கிய அதே செலின்தான். மேதையை வணங்கும் மனத்துக்குக் கூட்டத்தை வெறுக்க அதிக தூரம் போகவேண்டியதில்லை. நம் வாட்ஸ்அப் செய்திகள் செலினின் வாரிசுகள், அவரைக் கேள்விப்படாமலேயே.

ஹெம்பெலிடம் பெண்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள். செலின் வழிக் கதைகளில் பிணமாக. செம்மல்வெய்ஸ் 1861இல் வெளியிட்ட பெரிய புத்தகத்துக்குப் போனால்தான் வேறு சில பெண்கள் தென்படுகிறார்கள். அட்டவணைகளும் சண்டையும் நிறைந்த, படிக்கச் சலிப்பூட்டும் புத்தகம் அது. அவர்களைப் பற்றிச் சில வாக்கியங்கள்தான் அதில் உண்டு. நான் நின்ற இடம் அதுதான்.

தாங்கள் சேர்க்கப்பட்டது முதல் பிரிவு என்று தெரிந்ததும் பெண்கள் மண்டியிட்டுக் கையைப் பிசைந்து தங்களை வெளியே விடும்படி கெஞ்சினார்கள் என்று அவர் பதிவு செய்கிறார். இன்னொரு பதிவு அதைவிடக் கொடியது. நாடி எண்ண முடியாதபடி ஓடுகிறது, வயிறு ஊதியிருக்கிறது, நாக்கு வறண்டிருக்கிறது, இன்னும் சில மணி நேரத்தில் போய்விடும் உயிர். அந்த நிலையிலும் ‘எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்’ என்று சாதித்த பெண்களை அவர் பார்த்திருக்கிறார். மருத்துவர் கை வைத்தால் அடுத்தது மரணம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தது என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வியன்னா அதற்கு வேறு பெயர் வைத்தது: பயம். பேராசிரியர்கள் அடுக்கிய காரணங்களில் காற்றின் கேடு இருந்தது, நெரிசல் இருந்தது, ஆண்கள் தொட்டுப் பார்ப்பதால் புண்படும் பெண்களின் வெட்கம்கூட இருந்தது. அவற்றோடு இந்தப் பயமும் இருந்தது. முதல் பிரிவுக்குக் கெட்ட பெயர் இருப்பதால் பெண்கள் பயப்படுகிறார்கள், பயப்படுவதால் காய்ச்சல் வருகிறது என்றார்கள். கடைசிச் சடங்கு செய்யவரும் பாதிரியார் மணியடித்தபடி வார்டின் வழியே போவதுதான் பீதியைக் கிளப்புகிறது என்று நினைத்து, அவரை மணியில்லாமல் சுற்று வழியில் போகச் செய்து பார்த்தார்கள். மரணம் குறையவில்லை. சரியான அறிவை எடுத்து அதையே நோய்க்குக் காரணமாக மாற்றிவைத்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். நெரிசல் என்ற காரணம் இன்னும் வேடிக்கை. நெரிசல் அதிகமாக இருந்தது இரண்டாம் பிரிவில், ஏனென்றால் பெண்கள் முட்டிமோதி அங்கேதான் போனார்கள்.

தெருப் பிரசவம் என்ற விஷயமும் உண்டு. இந்த மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், திருமணமாகாத தாய்மார். இங்கே பெற்றால் குழந்தையை அரசின் குழந்தைகள் காப்பகம் ஏற்கும்; பதிலாக அந்த உடல் மாணவர்களின் பாடத்துக்கு உதவவேண்டும். வரும் வழியிலேயே பிரசவமாகிவிட்டது என்று சொன்னாலும் சலுகை கிடைக்கும். ஆகவே வெளியே ஒரு மருத்துவச்சியிடம் பெற்றுக்கொண்டு, வண்டியில் ஏறி வந்து, தெருவில் பெற்றேன் என்று சொன்னவர்கள் பலர். அவர்களுக்கு ஜன்னி அபூர்வம். ஐரோப்பாவின் தலைசிறந்த மருத்துவமனைகளில் ஒன்றைவிடத் தெரு பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பெண்களிடம் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்க எந்தக் குழுவும் கூட்டப்படவில்லை. வெளிநாட்டு மாணவர்கள் முரட்டுத்தனமாகப் பரிசோதிக்கிறார்கள் என்ற முடிவுக்கு வர ஒரு குழு இருந்தது.

என் முதல் பிரசவத்தின்போது ஏதோ சரியில்லை என்று நான் சொன்னபோதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில் ‘முதல் பிரசவம்ல, அப்படித்தான் பயமா இருக்கும்மா.’ மூன்றாம் நாள் துணி மாற்றிய ஆயாதான் முகர்ந்துவிட்டு, ‘இது நல்ல வாடை இல்ல கண்ணு’ என்றார். அவர் நர்ஸிடம் சொல்ல, நர்ஸ் டாக்டரிடம் சொல்ல, தையலில் சீழ் பிடித்திருந்தது தெரிந்தது. டாக்டர் நன்றாகத்தான் வைத்தியம் பார்த்தார். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேஸ் ஷீட்டில் ‘பரிசோதனையில் கண்டறியப்பட்டது’ என்று இருந்தது. முகர்ந்த மூக்கு யாருடையது என்று எழுத அதில் இடம் கிடையாது.

இந்த இடத்தில் நம் பெண்ணியத் தோழிகள் சிலர் ஒரு முடிவுக்குத் தாவுவார்கள்: பார்த்தீர்களா, மருத்துவச்சிகளின் பாரம்பரிய ஞானம் ஆண் மருத்துவத்தை வென்றது. அந்த முடிவு எனக்கும் இனிக்கிறது, ஆனால் வியன்னா அதைச் சொல்லவில்லை. இரண்டாம் பிரிவின் பெண்களைக் காப்பாற்றியது ஞானம் அல்ல, விலக்கு. பிணத்தை அறுத்துக் கற்கும் உயர்ந்த படிப்பு மருத்துவச்சிகளுக்குத் தேவையில்லை என்று வைத்திருந்தார்கள். படிப்பு மறுக்கப்பட்டதால் அவர்கள் கையில் சாவு ஒட்டவில்லை. 1840க்கு முன்பு மாணவர்களும் மருத்துவச்சிகளும் இரண்டு பிரிவிலும் கலந்திருந்தபோது மரணத்தில் இந்த வித்தியாசம் இல்லை. அதற்கும் முன்னால் போயர் என்ற பேராசிரியர் பிணத்தை வைத்துப் பிரசவப் பாடம் நடத்த மறுத்து, பொம்மை உருவை வைத்துக் கற்பித்தார், மரணம் குறைவு. 1823இல் அவர் இடத்துக்கு வந்த கிளைன் பிணத்தைக் கொண்டுவந்தார், மரணம் ஏறியது. கையைக் கழுவாத மருத்துவச்சியும் நோயைக் கடத்துவாள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர் 1795லேயே இதைக் கண்டு எழுதினார். எந்தப் பிரசவத்தை எந்த மருத்துவச்சி பார்த்தாள் என்று பெயரோடு பட்டியல் போட்டார். தானும் பலருக்கு அந்தக் காய்ச்சலைக் கொண்டுபோனதாக எழுதினார். ஊர் அவரைச் சும்மா விடவில்லை. நகரத்தை விட்டே போகவேண்டியிருந்தது.

ஆக, வியன்னாப் பெண்களுக்கு எது கொல்கிறது என்று தெரிந்தது. ஏன் கொல்கிறது என்று தெரியவில்லை. அந்த ‘ஏன்’ பிணவறைக்குள் போகாமல், அட்டவணை போடாமல், நண்பனின் உடலைத் தன் நோயாளிகளின் உடலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கிடைத்திருக்காது. நிபுணத்துவம் என்று நான் மதிப்பது அந்த உழைப்பை. ஆனால் அந்த உழைப்பு தொடங்கும் முன்பே பதில் வாசலில் மண்டியிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்கவிடாமல் செய்தது அறிவு அல்ல, அந்தஸ்து. இரண்டும் ஒரே கோட்டுப் போட்டுக்கொண்டு வருவதால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

அந்தஸ்து என்று நான் சொல்வதைக் கையை வைத்தே காட்டலாம். பிலடெல்ஃபியாவின் பேர்பெற்ற மகப்பேற்றுப் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ், மருத்துவர் கையால் ஜன்னி பரவுகிறது என்ற கருத்தைக் கடுமையாக எதிர்த்தவர். மருத்துவர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமாகத்தான் இருக்கும் என்பது அவருடைய வாதம். சிரிப்பு வருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். பிறப்பை வைத்துக் கையின் சுத்தத்தைத் தீர்மானிப்பது நமக்குப் புதிதா? நம் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்கள். மருத்துவர் என்பது அந்தச் சமூகத்துக்கே ஒரு பெயர். எல்லா வீட்டுப் பிள்ளையையும் முதலில் ஏந்திய கை அது. கொடியறுத்த கை, நஞ்சுக்கொடியைப் புதைத்த கை. வேலை முடிந்ததும் நெல்லும் பழைய புடவையும் வாங்கிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போகவேண்டும். தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. அங்கே ஒரு கை எதைத் தொட்டாலும் சுத்தம், இங்கே ஒரு கை எவ்வளவு கழுவினாலும் தீட்டு. தீட்டு ஆளைப் பார்த்து ஒட்டும், தொற்று ஆள் பார்க்காது. செம்மல்வெய்ஸின் கழுவும் தொட்டி செய்த பெரிய காரியம், கனவான் கையையும் வெறும் கையாகப் பார்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவர்கள் கோபப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

சொல்லையும் கவனியுங்கள். ‘மருத்துவர்’ டாக்டரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மரியாதையான சொல். ‘மருத்துவச்சி’ வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு பெண் டாக்டரை மருத்துவச்சி என்று கூப்பிட்டுப் பாருங்கள், தமிழின் பெண்பால் விகுதியில் எவ்வளவு சாதி ஒட்டியிருக்கிறது என்பது அவர் முகத்தில் தெரியும்.

இப்போது அந்த மருத்துவச்சியை இன்னொரு கூட்டம் கூட்டிக்கொண்டு வருகிறது. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் இளம் தாய் ஒருவர் ரத்தப்போக்கில் இறந்தார். அடுத்த சில நாட்களிலேயே வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் என்று அறிவித்த ஒரு ‘ஹீலர்’ கோவையில் கைது செய்யப்பட்டார். நம் பாட்டிகள் வீட்டில் பத்துப் பெறவில்லையா என்பது இந்தக் கூட்டத்தின் வாதம். பாட்டிகள் பத்துப் பெற்றதைச் சொல்பவர்கள், பத்தில் எத்தனை தங்கின, எந்தப் பாட்டி எட்டாவதில் போனாள் என்று சொல்வதில்லை. தாத்தாவின் இரண்டாம் கல்யாணம் எப்படி வந்தது என்று எந்த வீட்டிலும் கேட்டுப்பாருங்கள். இந்த மேடைகளில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாட்டியின் பெயரைச் சொல்லும் இவர்கள் பக்கத்தில் ஒரு நிஜமான மருத்துவச்சி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் உட்கார்ந்தால் குழந்தை குறுக்கே கிடந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்பதைத்தான் முதலில் சொல்வார். இது நிபுணர் எதிர்ப்பு அல்ல. டாக்டரின் அந்தஸ்தை எடுத்துத் தான் போட்டுக்கொள்வது. உழைப்பு வேண்டாம், நாற்காலி மட்டும் வேண்டும். வியன்னாவின் பேராசிரியருக்கும் திருப்பூர்க் கதைக்கும் பொதுவானது ஒன்று உண்டு: இரண்டு இடத்திலும் ‘எனக்கு என்னவோ செய்கிறது’ என்று அவள் சொல்வது கணக்கில் வராது.

செம்மல்வெய்ஸை மட்டும் மேதையாகத் தூக்குவது எனக்கு ஒப்பவில்லை என்று சொன்னேன். அவர் கண்டதைப் பதினான்கு வருடம் புத்தகமாக எழுதாமல் இருந்தார். நண்பர்கள்தான் முதலில் எழுதினார்கள். எழுதத் தொடங்கியபோது எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசினார். 1865இல் 47 வயதில் மனநலக் காப்பகத்தில் புண் புரையோடி இறந்தார். பாவம்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஓரிடத்தில் அவர் தன்னையும் விடவில்லை. தன்னைப்போல் பிணங்களோடு புழங்கிய மகப்பேறு மருத்துவர்கள் குறைவு, ஆகவே தன் கையால் போனவர்களின் கணக்குத் தனக்கே தெரியாது என்ற பொருளில் எழுதுகிறார். கீல் நகரத்தின் குஸ்தாவ் மிகாயலிஸ் இன்னும் துயரமானவர். வியன்னாச் செய்தியைப் படித்து உடனே நம்பிய மிகச் சில நிபுணர்களில் ஒருவர். அவர் பரிசோதித்த சொந்த உறவுப் பெண் ஜன்னியில் இறந்திருந்தாள். நம்பியதும் கணக்குப் புரிந்தது. 1848இல் தற்கொலை செய்துகொண்டார். நம்ப மறுத்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். நம்பினால் எதைச் சுமக்கவேண்டும் என்று அவர்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும்.

அந்தச் சுமையை ஒரு தனி மனிதரின் மனசாட்சியில் ஏற்றினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். மிகாயலிஸ் ஆகலாம், மெய்க்ஸ் ஆகலாம். அதனால்தான் மேதைகளைவிட எனக்குப் பதிவேடுகள்மேல் ஆர்வம். தமிழ்நாட்டில் பேறுகால மரணங்களைத் தணிக்கை செய்யும் முறை 1990களில் தொடங்கியது. மருத்துவமனைக்குள் நடக்கும் விசாரணை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சுகாதாரப் பணியாளர்கள் இறந்தவரின் வீட்டுக்கே போய் விசாரிக்கிறார்கள். வலி எப்போது கண்டது, எங்கெல்லாம் கொண்டுபோனீர்கள், அங்கே என்ன சொன்னார்கள். ஆட்சியர் முன்னால் உட்கார்ந்து மருத்துவர்களும் பதில் சொல்லவேண்டும். அந்தக் காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. வீட்டில் பதில் சொல்பவர் கணவராகவோ மாமியாராகவோ இருப்பார். அவர்கள் எதைச் சொல்வார்கள், எதை விழுங்குவார்கள் என்று நமக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட, இந்த விசாரணை தொடங்க ஒருத்தி செத்திருக்கவேண்டும். சாவின் விளிம்புக்குப் போய்ப் பிழைத்தவர்களைப் பற்றியும் ஆராயவேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வந்தது 2014இல். பிழைத்தவள் தன் வாயால் சொல்லக்கூடியவள். அவளிடம் யார் போய் உட்காருகிறார்கள், எத்தனையாவது நாளில், பக்கத்தில் யாரை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள், ‘பயமாக இருந்தது’ என்று அவள் சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் நான் அடுத்துத் தேடிப் படிக்க விரும்புகிறேன்.